மன்னார்க் கரையின் விறகு

மன்னார் நகரை அடுத்துள்ள பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கின்றது. அதன் அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர், உயரமோ எட்டு மீற்றருக்கும் குறைவு. ஆபிரிக்காவுக்கு உரிய இம்மரத்தை முற்காலத்தில் இக்கரைக்கு வந்து சென்ற அராபிய வணிகர் நட்டனர் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அதனைக் காண வருவோர் யாவரும் அதன் வயதையே வினவுவர். எனக்கோ நெடுங்காலமாக வேறொரு வினா மனத்தில் இருந்து வந்தது. சோறாக்க விறகு தேடி மக்கள் வெயிலில் நடந்து திரிந்த ஒரு மணற்றீவில், இத்துணைப் பருத்த மரமொன்று எத்தனையோ தலைமுறைகளாகக் கோடரிக்குத் தப்பி நின்றது எங்ஙனம்?

இதனை அவ்வூர் முதியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதை வெட்டி என்ன ஐயா செய்யிறது? தண்ணி குடிச்ச பஞ்சு அது" என்றார். உண்மைதான். பெருக்கமரத்தின் உட்பகுதி நார் நாராய் அமைந்து, நீரைத் தன்னுள்ளே தேக்கி வைப்பது. வெட்டிப் போட்டால் உலர்வதற்கு முன்னரே மக்கி உதிரத் தொடங்கும். அடுப்புக்கு உதவாத மரம் ஆதலால் அஃது எஞ்சிய மரம் ஆயிற்று. ஊரார் அதன்மேல் வைத்திருக்கும் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் மதிப்பு ஒன்றே காவலாக இருந்திருக்குமானால், இக்கரையில் இன்னும் எத்தனையோ மரங்கள் நின்றிருக்க வேண்டும்.

1560ஆம் ஆண்டில் போத்துக்கேயர் மன்னாரிற் கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. இதனை எங்கள் மாணவர் ஒரே மூச்சில் ஒப்புவிப்பர். அக்கோட்டையினுள் இருந்தோர் எதனை எரித்து உணவு சமைத்தனர் என்று ஒரு மாணவனும் என்னைக் கேட்டதில்லை. முப்பது ஆண்டுகளாக வரலாறு படிப்பித்த நானும் அதனைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தக் குறையை இன்று சிறிது தீர்த்துக்கொள்ளலாம் என எண்ணுகின்றேன்.

மன்னார்த் தீவு நீண்டு ஒடுங்கிய மணற்பரப்பு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு வரும் மழையே அதற்கு மழை. அதன் பின்னர் சோளகக் காற்று மணலை வாரி வீடுகளின் மேல் இறைக்கும் நீண்ட வறட்சிக் காலம். இந்நிலத்தில் நன்கு வளர்வது பனை. அடுத்து, குடைபோல் தலை விரிந்த உடைமரம். இலங்கையில் இம்மரம் மன்னார்ப் பகுதிக்கே சிறப்பாக உரியது. கடலுக்கு அப்பால் இராமநாதபுரத்திலும் அதனைக் காணலாம். வேம்பும் பூவரசும் தென்னையும் வீட்டு வளவுகளில் உண்டு. பெருங்காடு வேண்டுமாயின் நீரேரியைக் கடந்து பெருநிலத்துக்குத்தான் போகவேண்டும். பாலை, வீரை, முதிரை முதலான வைரம் பாய்ந்த மரங்கள் நிற்கும் காடு அங்கேதான் உள்ளது.

ஊர்ப்பெயர்களைக் கொண்டு வரலாறு சொல்லுதல் வழுக்கு நிலத்தில் நடப்பதற்கு ஒப்பாகும். ஆயினும் மன்னார் மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களை அடுக்கிப் பார்க்கும் ஆசையை என்னால் அடக்க முடியவில்லை. பாலைக்குழி, இலுப்பைக்கடவை, வேப்பங்குளம், மருதமடு என்பன பெருநிலத்தில் உள்ளவை. விடத்தல்தீவு என்றவுடன், விறகுக்கு மிக ஏற்ற விடத்தல் என்னும் முட்செடி நினைவுக்கு வருகின்றது. தீவுக்குள்ளே வந்தாலோ எருக்கலம்பிட்டி. எருக்கலையைக் கொண்டு யாரேனும் உலை கொதிக்க வைத்ததுண்டா? பெயர் இட்டவர் அடுப்பை நினைத்து இடவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வன்மரம் எப்பக்கம், மென்செடி எப்பக்கம் என்பதை இப்பெயர்கள் ஓரளவு காட்டிக் கொடுக்கின்றன.

இனி, மென்மரம் எரிக்கத் தகுமா என்னும் வினாவுக்கு வருவோம். தாவரநூலார் மென்மரம் என்பது ஊசியிலை மரங்களை. அத்தகைய மரம் எதுவும் மன்னாரில் இயற்கையாக வளர்வதில்லை. நம் ஊரவர் மென்மரம் என்பது முள்முருக்கு, முருங்கை, கிளுவை போன்றவற்றை. நகத்தால் கீறினால் தடம் விழும் மரங்கள் இவை. இவற்றை விறகென்று சொன்னாலே சிலர் முகம் சுளிப்பர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் அதிபராக இருந்த ஒரு பாடசாலையின் வளவில் நின்ற முள்முருக்கு மரம் மார்கழிக் காற்றிற் சாய்ந்தது. கலியாண வீடுகளுக்குக் கன்னிக்காலாக நட அதன் கிளைகளைப் பலமுறை கொடுத்த மரம். விறகுக்கு வேண்டியவர் இலவசமாக எடுத்துச் செல்லலாம் என மாணவர் மூலம் ஊருக்கு அறிவித்தேன். இலவசம் என்றால் ஊர் திரண்டு வரும் என்பது என் எண்ணம். மூன்று நாள் கழிந்தன. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்காம் நாள், பாடசாலைக்கு அருகில் இடியப்பம் அவித்து விற்கும் மூதாட்டி ஒருவர் தம் பேர்த்தியோடும் ஒரு கத்தியோடும் வந்து சேர்ந்தார்.

அவர் செய்த வேலையை நான் அலுவலக யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பட்டையை உரித்தார். பின் கட்டைகளைக் கைம்முழ அளவாகத் துண்டித்து, ஒவ்வொரு துண்டையும் நான்காகப் பிளந்தார். நான்கு நாளில் முழுவதையும் தம் வீட்டுக்குக் கொண்டுபோய், தாழ்வாரத்தில் காற்று ஊடாடும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். "இது எரியுமா, ஆச்சி?" என்று கேட்டேன். "இப்ப எரிச்சா கண்ணைத்தான் எரிக்கும். ஒரு சோளகம் கிடக்கட்டும்" என்றார். "பாலை விறகுபோல வருமா?" என்று நான் விடவில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பாலைக்குத் தரைக்காட்டுக்குப் போகவேணும். தூரத்தையும் விறகோட சேத்து நிறுக்கவேணும், ஐயா" என்றார்.

கலைப் பட்டதாரியாகிய நான் பின்னர் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் இம்மூதாட்டியின் கூற்றைச் சோதித்தேன். நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறக்குறைய 4,500 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். பாலையானாலும் முருக்கானாலும் இவ்வளவில் பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை எல்லாம் கனத்தில் உள்ளது. பாலைக்கட்டை நீரில் அமிழும் அளவுக்குக் கனமானது. அதே பருமனுள்ள முருக்கங்கட்டையின் எடை அதில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும். ஆகவே ஒரு பாலைக்கட்டை செய்யும் வேலைக்கு மூன்று முருக்கங்கட்டைகள் வேண்டும். அன்றியும் மென்மரம் விரைவிற் பற்றி விரைவிற் தணிந்துவிடும். பின்னர் நின்று கனலும் தணல் அதனிடம் இல்லை. நெல் அவிக்கவும் பனங்கட்டி காய்ச்சவும் அஃது உதவாது. இடியப்பத் தட்டுக்கு ஆவி கிளப்பவும் தேநீர் வைக்கவும் அதுவே போதும்.

உண்மையான பகை ஈரமே. வெட்டிய கையோடு எடுத்த பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராக இருக்கலாம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்கச் சற்றேறக்குறைய 600 கிலோகலோரி செலவாகின்றது. அது மட்டுமோ? ஈரம் தீயின் சூட்டைத் தணிப்பதனால், எரிய வேண்டிய பொருளிற் பெரும்பகுதி எரியாமற் புகையாய்க் கிளம்பிச் சமைப்பவள் நெஞ்சுக்குள் போகின்றது. பச்சைப் பாலையைவிட ஒரு சோளகம் உலர்ந்த முருக்கு மேல் என்பது இதனால் விளங்கும். இதனை அம்மூதாட்டி எந்த நூலிலும் படிக்கவில்லை.

மென்மரத்துக்குக் கடலோரத்தில் வேறு பெருமையும் உண்டு. நீரில் அமிழும் பாலையைக் கொண்டு யாரும் கட்டுமரம் கட்டுவதில்லை. இலேசான மரங்களையே அதற்குத் தேர்வர். மீனவனைக் கடலில் மிதக்க வைப்பது மென்மரம். அவன் கொண்டு வந்த மீனை வேகவைப்பது வன்மரம்.

தீவு மக்களின் பழைய அடுப்பை நோக்கினால், அது பெரும்பாலும் மரத்தை வெட்டி எரித்த அடுப்பு அன்று என்பது புலப்படும். மரம் தானாக உதிர்த்ததை எரித்த அடுப்பு அது. பனையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னாடை தீ மூட்ட உதவும். காவோலை ஒரு கணம் சுவாலித்து அடங்கும். மட்டை சற்று நின்று எரியும். பாளை அதனிலும் மேல். பனங்கிழங்கு கிண்டிய பின் எஞ்சும் ஊமலைக் காய வைத்தால் நல்ல தணல் தரும். தென்னையுள்ள வளவில் சிரட்டையும் பொச்சும் மட்டையும் சேர்ந்துகொள்ளும். இவையெல்லாம் கூலியின்றிக் கிடைத்தவை. ஒரு மரத்தையும் கொல்லாதவை. எதனை எப்போது அடுப்பில் வைப்பது என்று அறிவது சிறுமியர் பத்து வயதிற்குள் கற்ற கல்வி. உதிர்ந்தது போதாதபோது கொக்கத்தடி கொண்டு உடைமரத்தின் பட்ட கிளைகளை முறித்தனர். மாரிக்கு முன் அவற்றைக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினர்.

ஆனால் மன்னாரின் தொழில்கள் சில, மட்டையோடும் பன்னாடையோடும் நிறைவடைவன அல்ல. கருப்பநீரைப் பனங்கட்டியாகக் காய்ச்சுவதற்குப் பல மணிநேரம் நின்று எரியும் தீ வேண்டும். மன்னார் நகரில் பனங்கட்டிக்கொட்டு என ஒரு பகுதியே உண்டு. கடலட்டையை அவித்து, மணலிற் புதைத்து, மீண்டும் அவித்து உலர்த்தும் தொழிலும் விறகை விழுங்குவதே. சிப்பியையும் சங்கையும் பவளப்பாறைக் கல்லையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காளவாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வெள்ளைச் சாந்து பூசிய பழைய சுவர் ஒன்றைக் காணும்போது, அதன் பின்னே எரிந்துபோன விறகையும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

எல்லாவற்றிலும் பெரிய அடுப்பு முத்துக்குளிப்பு முகாம். சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி முதலிய வெறுங்கரைகளில், முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் சில கிழமைகளுக்குள் ஒரு நகரமே எழும். தமிழகத்துக் கடலோரத்திலிருந்தும் அராபியக் கரையிலிருந்தும் குளிகாரர் வருவர். வணிகர், தரகர், காவலர், சமையற்காரர், பிச்சைக்காரர் எனப் பல்லாயிரவர் கூடுவர். தேசாதிபதி பிரடெறிக் நோத் இதனை மேற்பார்வை செய்யவென்றே 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். இன்று அது கடலரிப்புக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பு மிகப் பெரியது. அதற்குப்பின் தொழில் தளர்ந்தது.

அரச அறிக்கைகள் சிப்பியை எண்ணின; வருமானத்தை எண்ணின. விறகை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் உணவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோகிராம் விறகு என்று மிகக் குறைவாகவே கொள்வோம். பதினாயிரம் பேருக்கு நாளொன்றுக்குப் பத்துத் தொன்; நாற்பது நாளைக்கு நானூறு தொன். குடிசைகளுக்கு நட்ட கம்புகள் இதில் அடங்கா. இத்தகைய முகாமுக்கு உதிர்ந்த சுள்ளி போதுமோ? மாட்டு வண்டிகள் முசலிப் பக்கத்துக் காட்டை நோக்கியன்றி வேறெங்கே போயிருக்க முடியும்? முத்து இலண்டனுக்கும் பம்பாய்க்கும் போயிற்று. முகாம் கலைந்தபின் கரையோர மக்கள் சுள்ளிக்கு இன்னும் சிறிது தூரம் நடந்திருப்பர்.

அடுத்து வந்தது புகையிரதம். 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிற்று. கொழும்பும் சென்னையும் இணைந்தன. தண்டவாளத்தின் கீழ் இடும் சிலிப்பர் கட்டைகளுக்குப் பாலை மிகச் சிறந்தது. ஆகவே அடுப்புக்கு மேலானது எதுவோ அதுவே பாதைக்கும் மேலானதாயிற்று. அக்கரையிலே சென்னை மாகாணத்து அரசினர், நீராவி இயந்திரங்களுக்கு விறகு வேண்டிச் சோழமண்டலக் கரை நெடுகச் சவுக்குத் தோப்புகள் வளர்த்தனர். எரிப்பவன் நடவும் வேண்டும் என்பதை அவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தனர். நம் கரையில் அத்துணை ஊக்கம் காணப்படவில்லை என்பது என் கருத்து.

இலவச விறகு என்னும் சொல்லைச் சட்டம் எவ்வாறு நோக்கிற்று என்பதையும் பார்க்கவேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் குடியில்லாக் காணியும் மாறாக நிறுவப்படும் வரை முடிக்கு உரியன என்று கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சுள்ளி பொறுக்கிய பெண் எந்த உறுதியைக் காட்டி நிறுவுவாள்? பின்னர் 1885இலும் 1907இலும் காட்டுச் சட்டங்கள் வந்தன. பெருமரம் வெட்டி ஏற்றுவோரை அடக்கச் சட்டம் வேண்டியதே. ஆனால் சுள்ளிக் கட்டுக்காரியும் அதன் நிழலிலேயே நடக்கவேண்டியவள் ஆனாள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்தது அன்று. 1842ஆம் ஆண்டில் செருமனியின் ரைன் மாகாணத்தில், தனியார் காட்டில் உதிர்ந்து கிடந்த சுள்ளியைப் பொறுக்குவதும் களவே என்னும் சட்டத்தைப் பற்றி எழுந்த விவாதத்தை இளம் பத்திரிகையாசிரியர் ஒருவர் கடிந்து எழுதினார். உயிருள்ள மரத்தை வெட்டுவது வேறு, மரமே கைவிட்ட சுள்ளியை எடுப்பது வேறு என்பது அவர் வாதம். அப்போது இருபத்துநான்கு வயதினராய் இருந்த அவர் பெயர் கார்ல் மார்க்சு. பொருளாதாரத்தின் பக்கம் தம்மைத் திருப்பியவற்றுள் அவ்விவகாரமும் ஒன்று எனப் பிற்காலத்தில் அவரே கூறினார். ஒரு கட்டுச் சுள்ளி எவ்வளவு தூரம் போயிருக்கின்றது பாருங்கள்!

போர்க்காலத்தை விரித்துரைக்க எனக்கு மனமில்லை. 1990ஆம் ஆண்டில் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010இலேயே திறக்கப்பட்டது. அதே 1990 ஒற்றோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முசுலிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். தமிழ் மக்கள் பல்லாயிரவர் மடுத் திருத்தல வளவிலும், கடல் கடந்து மண்டபம் முகாமிலும் ஒதுங்கினர். அகதி எங்கே இறங்கினாலும் முதலில் நீரைத் தேடுவான். அடுத்து விறகைத் தேடுவான். அவ்விரண்டும் முன்பே அங்கிருந்த ஊரவருடையவை. பனைகளோ காவலரண்களுக்குத் தறிக்கப்பட்டன. கண்ணிவெடி புதைந்த காட்டில் சுள்ளி பொறுக்கும் ஒருத்தி ஒவ்வோர் அடியையும் எண்ணி வைத்தாள்.

போர் முடிந்தபின் எரிவாயு அடுப்புகள் வந்தன. விறகுக் கதை முடிந்தது என்றே நகரத்தார் எண்ணினர். ஆயினும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. 2022ஆம் ஆண்டில் பொருளாதார நெருக்கடி வந்து எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமற் போனபோது, கொழும்பின் மாடி வீடுகளிலும் விறகடுப்பைப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. பச்சை விறகை வாங்கிப் புகையில் இருமிய என் உறவினர் ஒருவர், விறகைத் தெரிவது எப்படி என்று கேட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஆச்சி சொன்னதை அப்படியே சொன்னேன்.

அக்கரையில் இராமநாதபுரத்தார் சீமைக்கருவேலத்தால் விறகுக் கவலையை ஓரளவு தீர்த்துக்கொண்டனர். அது வன்மரம், பச்சையாகவும் ஓரளவு எரியும், வெட்ட வெட்டத் தழைக்கும். ஏழைகள் பலருக்குக் கரிமூட்டத் தொழிலையும் தந்தது. ஆனால் கண்மாயையும் வயலையும் அது பிடித்துக்கொண்டதனால், அதனை வேரோடு களைய வேண்டும் என்று வழக்காடும் நிலையும் வந்தது. இலவசமாக வந்த விறகுக்கு அவர்கள் நிலத்தையே விலையாகக் கொடுத்தனர் எனலாம்.

நாம் கொடுத்த விலை யாது? அதனை நான் என் பாடசாலையின் வரவுப் பதிவேட்டிற் கண்டேன். காலை முதற்பாடத்துக்குப் பிந்தி வரும் பெண்பிள்ளைகளை வாயிலில் நிறுத்திவைக்கும் வழக்கம் எனக்கு இருந்தது. சோம்பல் என்றே எண்ணினேன். ஒருநாள் அவர்களுள் ஒருத்தி கையை மறைத்தாள். நீட்டச் சொன்னேன், உடைமுள் கீறிய வடுக்கள். விடிய முன் சுள்ளி கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் அவள் புத்தகப் பையை எடுக்கின்றாள். ஆண்பிள்ளைகளின் பதிவில் அத்துணைத் தாமதக் குறிகள் இல்லை. அன்றோடு வாயிலில் நிறுத்துவதை விட்டேன். அதற்கு முன் எத்தனை பேரை நிறுத்தினேன் என்று எண்ணிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கின்றது.

அந்தப் பிள்ளைதான், பின்னர் முருக்கங்கட்டை பிளக்க ஆச்சியோடு வந்த பேர்த்தி. மார்கழியில் விழுந்த மரம் ஆவணியில் அடுப்புக்குப் போயிற்று. பதிவேட்டை அப்போது நான் கிழமைதோறும் பார்த்து வந்தேன். அம்மென்மரம் எரிந்த ஏழு கிழமைகளிலும் அவள் பெயருக்கு நேரே ஒரு தாமதக் குறியும் இல்லை. எட்டாம் கிழமை திங்கட்கிழமை அவள் இரண்டாம் பாடத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள்.